ஆரணியிலிருந்து மாஸ்கோ வரை: ஒரு கேப்டனின் கதை



நம் பேரவை ஆண்டு மலருக்கு விளையாட்டு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கிரிக்கெட் பற்றித்தான் எழுதுவேன் என்று பலரும் நினைத்திருப்பார்கள். நான் எழுதப் போவது ஹாக்கி. "நம்ம மாவட்டத்துல எவன் மக்கா ஹாக்கி ஆடுறான்?" என்று என் வகுப்பு நண்பனே கேட்டான். நியாயமான கேள்விதான். நம் கடற்கரை ஊர்களில் ஃபுட்பால்தான் உயிர். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், ஐ.எஸ்.எல். போட்டிகளில் ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா அணிகளுக்கு ஆடியவர். உள்நாட்டு ஊர்களிலோ சாயங்காலம் ஆனால் வாலிபால் வலை கட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் கபடி. ஹாக்கி மட்டையைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே கோவில்பட்டிக்குப் போக வேண்டும்.

ஆனாலும் ஹாக்கியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி கடைசியாகத் தங்கம் வாங்கியது 1980-இல், மாஸ்கோவில். அந்த அணியின் கேப்டன் ஒரு தமிழர், பெயர் வாசுதேவன் பாஸ்கரன். அவருக்குப் பிறகு இந்திய ஹாக்கி அணி எதுவும் அந்தப் பதக்கத்தைத் தொட்டதில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கே போன வருஷம்தான் தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தத் தங்கத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "பெரிய டீமெல்லாம் வரலை, அதான் ஜெயிச்சாங்க" என்பார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பழகின பேச்சு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறாங்க. நான் டிப்ளமோ சேர்ந்த அன்றைக்கு ஊரில் ஒருவர் அப்பாவிடம் சொன்னது: "இப்பம் பாலிடெக்னிக்ல எடம் சும்மா கெடக்கு. போட்டிக்கு ஆளில்ல, அதாக்கும் உன் மவனுக்குக் கெடச்சது." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. பாஸ்கரனின் கதையைப் படித்தபோது, அந்தப் பேச்சை எடைபோட ஒரு தராசு கிடைத்தது போல் இருந்தது. அதைத்தான் இக்கட்டுரை வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

யார் இந்த பாஸ்கரன்?

பாஸ்கரன் 1950-இல் ஆரணியில் பிறந்தவர். ஆரணி என்றால் நமக்குப் பட்டுச் சேலைதான் ஞாபகம் வரும். சென்னை லயோலா கல்லூரியில் படித்தார். ஹாக்கியில் தமிழ்நாட்டுக்கு அப்போதே நல்ல பெயர் இருந்தது. வி.ஜே.பீட்டர், அவர் தம்பி வி.ஜே.பிலிப்ஸ், கிருஷ்ணமூர்த்தி பெருமாள் என்று ஒலிம்பிக் வரை போனவர்கள் பலர். அந்த வரிசையில் வந்தவர்தான் பாஸ்கரன்.

அவர் ஆடிய இடம் நடுவரிசை, அதாவது ஹாஃப். பழைய ஹாக்கியில் ஆட்களை நிறுத்தும் முறை இப்படி இருக்கும்: முன்னால் ஐந்து பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் இரண்டு பேர், கோலில் ஒருவர். முன்வரிசைக்காரன் கோல் போட்டால் பேப்பரில் பெயர் வரும். கோலி தடுத்தாலும் பெயர் வரும். நடுவரிசைக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. எதிரி வரும்போது ஓடி வந்து தடுக்க வேண்டும், பந்து கிடைத்ததும் முன்னால் கொடுக்க வேண்டும், மறுபடி ஓடி வர வேண்டும். மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற கியர் பாக்ஸ் மாதிரி. வெளியே தெரியாது. அது இல்லாமல் வண்டி நகராது.

ஹாக்கியில் கேப்டனுக்கு என்ன வேலை?

கிரிக்கெட்டில் கேப்டன் வேலை நமக்குத் தெரியும். பந்து யாருக்குக் கொடுப்பது, ஆளை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு ஓவருக்கும் முடிவு எடுப்பார். ஹாக்கியில் அதற்கு நேரமே கிடையாது. பந்து ஓடிக்கொண்டே இருக்கும். விதிப்புத்தகப்படி பார்த்தால் கேப்டன் கையில் பட்டை கட்டியிருக்க வேண்டும், டாஸ் போட வேண்டும், தன் அணியினரின் நடத்தைக்குப் பொறுப்பேற்க வேண்டும், ஆள் மாற்றம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் எழுதாத வேலைதான் பெரியது. 1980-இல் ஆட்டம் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி, மொத்தம் 70 நிமிடம். (இப்போது சர்வதேச ஆட்டத்தில் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி.) இன்றைக்கு ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வெளியே மாற்றலாம். களைத்தவன் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போகலாம். அந்த வசதி 1990-களில் வந்தது. பாஸ்கரன் காலத்தில் இறங்கிய ஆட்களை வைத்தே பெரும்பாலும் ஆட்டத்தை முடிக்க வேண்டும். அப்படியானால் யார் களைத்திருக்கிறான், யாருக்குக் கோபம் ஏறுகிறது, எப்போது வேகத்தைக் கூட்டுவது, எப்போது பந்தைப் பைய வைத்து ஆடுவது என்பதையெல்லாம் மைதானத்துக்குள் நின்றே ஒருவர் கவனிக்க வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய இடம் நடுவரிசை. அதனால் நடுவரிசைக்காரர் கேப்டனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு.

மாண்ட்ரியல்: தரை மாறிய கதை

பாஸ்கரனின் முதல் ஒலிம்பிக் 1976, கனடா நாட்டின் மாண்ட்ரியல். அதற்கு முந்தின வருஷம்தான் அஜித்பால் சிங் தலைமையில் இந்தியா கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றிருந்தது. அதே அஜித்பால் சிங்தான் மாண்ட்ரியலிலும் கேப்டன். எனவே தங்கம் நிச்சயம் என்று பலர் நினைத்தார்கள். நடந்தது வேறு. நெதர்லாந்திடம் 3-1 என்று தோல்வி, ஆஸ்திரேலியாவிடம் 6-1 என்று படுதோல்வி. கடைசியில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாவது இடம். அதுவரை ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் இல்லாமல் இந்தியா திரும்பியதே கிடையாது. முதல் தடவையாக வெறுங்கையோடு வந்தார்கள். அந்த அணியில் இருந்தவர் பாஸ்கரன்.

ஏன் இப்படி ஆனது? ஒரு முக்கியக் காரணம் தரை. ஒலிம்பிக் ஹாக்கியைச் செயற்கைத் தரையில் ஆடியது மாண்ட்ரியலில்தான் முதல் முறை. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நாம் தொழில்நுட்பம் படிக்கிறவர்கள், நமக்கு இது பாடம் மாதிரிதான்.

செயற்கைத் தரை என்றால் பச்சைப் பாயை விரித்துப் போடுவது என்று நினைக்க வேண்டாம். அடியில் ரோடு போடுவது போலவே மண்ணை இறுக்கி, ஜல்லி அடுக்கு போட்டு, நீர் வடிய வழி செய்ய வேண்டும். அதற்கு மேல் தார் கலவை அடுக்கு. அதற்கு மேல் ரப்பர் துகள்களைப் பசையால் பிணைத்த மெத்தை. இது பெரும்பாலும் பழைய டயரை அரைத்து எடுத்த ரப்பர். ஓடுகிறவனின் முழங்காலுக்கு வருகிற அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இந்த அடுக்குதான். அதற்கும் மேலேதான் நைலான் போன்ற செயற்கை இழைகளால் நெய்த விரிப்பு. ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சி நனைக்கிற தரைகளும் பின்னால் வந்தன. நீர் நின்றால் இழைக்கும் பந்துக்கும் நடுவே உராய்வு குறையும், பந்து இன்னும் வேகமாகப் போகும். விழுந்தாலும் தோல் உரிவது குறையும். மட்டம் பார்த்து, சரிவு கொடுத்து, வடிகால் அமைப்பது வரை சிவில் மாணவர் வேலை. மேலே உள்ள பாலிமர் வேலை நம் வேலை.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். புல்லிலும் மண்ணிலும் பந்து நேராக உருளாது. கல்லில் பட்டுத் துள்ளும், பள்ளத்தில் நிற்கும். அங்கே ஜெயிப்பவன் மணிக்கட்டுக்காரன். துள்ளுகிற பந்தை மட்டையோடு ஒட்டவைத்து, இடமும் வலமும் புரட்டி, மூன்று பேரைத் தாண்டிப் போகிற வித்தை இந்தியர்களுக்கும் பாகிஸ்தானியர்களுக்கும் கைவந்த கலை. செயற்கைத் தரையில் பந்து வரைகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓடும். 40 மீட்டர் தூரத்துக்கு அடித்தாலும் நினைத்த ஆளிடம் போய்ச் சேரும். ஆகவே வித்தையைவிட வேகம், பலம், மூச்சு இவற்றுக்கு மதிப்பு கூடிவிட்டது. ஐரோப்பியர்களும் ஆஸ்திரேலியர்களும் அதற்குத் தயாரானார்கள். நம் நாட்டிலோ அப்போது பிள்ளைகள் ஆடியது மண்ணில். மண் மைதானத்தில் பழகினவன் கண்ணாடி போன்ற தரையில் இறங்கினால் என்ன ஆகும்? லேத்தில் பழகாமல், படம் மட்டும் பார்த்துவிட்டு செய்முறைத் தேர்வுக்குப் போனவன் நிலைமைதான்.

மாஸ்கோ: ஏழு நாளில் ஐந்து ஆட்டம்

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதை எதிர்த்து அமெரிக்கா 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. பல நாடுகளும் அதன்பின் சென்றன. ஹாக்கியில் வலுவான பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகியவை ஆட வரவில்லை. முந்தைய தங்கம் வாங்கிய நியூசிலாந்தும் ஹாக்கிக்கு வரவில்லை. கடைசியில் ஆண்கள் ஹாக்கியில் ஆடியது ஆறு அணிகள்: இந்தியா, ஸ்பெயின், சோவியத் யூனியன், போலந்து, கியூபா, தான்சானியா.

இந்தியா அனுப்பிய அணியில் 16 பேர். அதில் முந்தைய ஒலிம்பிக் அணியில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கேப்டன் பாஸ்கரன், கோலி பீர் பகதூர் செத்ரி. மற்ற 14 பேருக்கும் அதுதான் முதல் ஒலிம்பிக். முகமது ஷாகித்துக்கு அப்போது 20 வயசு. நம்மைவிட இரண்டு மூன்று வயசுதான் மூப்பு! பாஸ்கரனுக்கு 29. ஏழாவது இடத்தில் முடிந்த மாண்ட்ரியலை நேரில் பார்த்தவர், அதைப் பார்க்காத இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போனார் என்று சொல்லலாம்.

ஆறு அணியும் ஒன்றோடு ஒன்று மோதி, முதல் இரண்டு இடம் பெறுபவை இறுதி ஆட்டம் ஆட வேண்டும். ஜூலை 20 முதல் 26 வரை ஏழு நாளில் இந்தியாவுக்கு ஐந்து ஆட்டம். முதலில் தான்சானியாவை 18-0 என்று வென்றார்கள். ஆகா, எளிதுதான் என்று தோன்றியிருக்கும். மறுநாளே போலந்துடன் 2-2 சமன். அடுத்து ஸ்பெயினுடனும் 2-2 சமன். கியூபாவை 13-0 என்று வென்றார்கள். கடைசி லீக் ஆட்டம் போட்டியை நடத்துகிற சோவியத் யூனியனோடு, அவர்கள் மண்ணிலேயே. அதில் 4-2 என்று வெற்றி.

வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. ஸ்பெயின் 9, இந்தியா 8, சோவியத் யூனியன் 6. அதாவது லீக்கில் இந்தியா முதலிடம்கூட இல்லை, இரண்டாமிடம். "சும்மா கிடைத்த தங்கம்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. சோவியத் ஆட்டத்தில் தோற்றிருந்தால் இரு அணிக்கும் கணக்கு தலைகீழாகி, இறுதி ஆட்டத்துக்கே போயிருக்க முடியாது.

1980 ஜூலை 29

இறுதி ஆட்டம் ஸ்பெயினோடு, டைனமோ அரங்கத்தில். முதல் பாதியில் சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு மகராஜ் கிருஷண் கௌசிக் ஒன்று போட்டார். 3-0! இத்தோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அங்கேதான் ஸ்பெயினின் ஹுவான் அமாத் எழுந்தார். அடுத்தடுத்து இரண்டு கோல். 3-2. ஒரு பெரிய முன்னிலை கையைவிட்டு நழுவும்போது ஒரு அணிக்குள் என்ன நடக்கும் என்று விளையாடினவர்களுக்குத் தெரியும். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பான். குற்றம் யார்மேல் என்று தேட ஆரம்பிப்பான். 14 புதுமுகங்கள் உள்ள அணி அந்த நேரத்தில் சிதறியிருக்கலாம். சிதறவில்லை. ஷாகித் நான்காவது கோலைப் போட்டார், 4-2. அமாத் விடவில்லை. மூன்றாவது கோலையும் போட்டார், 4-3. ஸ்பெயினின் மூன்று கோலும் அவர் ஒருவர் போட்டதே. மீதி நிமிடங்களை இந்தியா தடுத்தே ஓட்டியது. நீண்ட விசில் ஊதியது. 1964 டோக்கியோவுக்குப் பிறகு 16 ஆண்டு கழித்து மறுபடி தங்கம், மொத்தத்தில் எட்டாவது!

பாஸ்கரன் அந்த இறுதி ஆட்டத்தில் கோல் எதுவும் போடவில்லை. கோல் பட்டியலில் சோதி, கௌசிக், ஷாகித் பெயர்கள்தான். கியர் பாக்ஸ் என்று முன்னே சொன்னேனே, அதுதான்.

"போட்டிக்கு ஆளில்ல" என்கிற பேச்சு

சரி, அந்தப் பேச்சை இப்போது தராசில் வைப்போம். இரண்டு தட்டையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் தட்டு: 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடியது மொத்தம் மூன்றே அணிகள்! இந்தியா ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் வென்று தங்கம் வாங்கியது. தியான்சந்த் ஆடிய அந்தத் தங்கத்தை யாராவது "ஆளில்லாமல் கிடைத்தது" என்று சொல்கிறார்களா? சரித்திரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். மூன்று அணியில் வாங்கியது பெருமை, ஆறு அணியில் வாங்கியது இளப்பமா? அதே மாஸ்கோவில் பெண்கள் ஹாக்கி முதல் முறையாக ஒலிம்பிக்கில் நடந்தது. புறக்கணிப்பால் இடம் காலியானதும், அந்த வருஷம்தான் சுதந்திரம் அடைந்த ஜிம்பாப்வேக்குக் கடைசி நேரத்தில் அழைப்பு வந்தது. அவசரமாக ஒரு அணியைச் சேர்த்து அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் தங்கத்தோடு ஊர் திரும்பினார்கள். காலியான இடத்தில்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் உட்கார்ந்ததும் ஆடினார்கள். நம் பெண்கள் அணி அதில் நான்காவது இடம்.

வராதவனோடு யாரும் ஆட முடியாது. வந்தவனோடு மட்டும்தான் ஆட முடியும். வந்தவனிடம் தோற்கவும் முடியும். 3-0 என்பது 3-2 ஆகிய நேரத்தில் பாகிஸ்தான் வராதது இந்தியாவுக்கு எந்த உதவியும் செய்திருக்காது.

இரண்டாவது தட்டு: வராத அணிகள் சாதாரண அணிகள் அல்ல என்பதும் உண்மை. அவர்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பின்னால் நடந்ததைப் பார்த்தால் கவலைதான் வருகிறது. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில், நம் ஊரிலேயே, பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றோம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஐந்தாவது இடம். 1986 லண்டன் உலகக் கோப்பையில் 12 அணியில் 12-ஆவது இடம், கடைசி! மாண்ட்ரியல் சொல்லித் தந்த பாடம் தரையைப் பற்றியது. மாஸ்கோவின் தங்கம் பளபளத்ததும் அந்தப் பாடத்தை மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. செயற்கைத் தரைக்குச் செலவு அதிகம். கிராமத்துப் பையன் மண்ணில் ஆடி வளர்ந்து, பெரிய போட்டிக்குப் போகும்போதுதான் அந்தத் தரையைக் காண்கிறான் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

ஆக, தராசு என்ன சொல்கிறது? வாசல் எளிதாகத் திறந்தது என்பதற்காக உள்ளே செய்த வேலை பொய்யாகிவிடாது. அதேபோல, உள்ளே வந்துவிட்டோம் என்பதற்காக மேற்கொண்டு வேலை செய்யாமல் இருந்தால், அடுத்த வாசல் திறக்காது. மாஸ்கோ வீரர்கள் முதல் பாதியைச் செய்து காட்டினார்கள். அதன்பின் வந்த ஆண்டுகள் இரண்டாம் பாதியைக் காட்டின.

தங்கத்துக்குப் பிறகு

பாஸ்கரனுக்கு அர்ஜுனா விருதும், 1981-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. ஆடி முடித்த பிறகு அவர் ஹாக்கியை விட்டுப் போகவில்லை, பயிற்சியாளரானார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். அங்கே ஒரு வேதனையான முடிவு. அரையிறுதிக்குப் போக இந்தியா போலந்தை வென்றாக வேண்டும். 1-0 என்று முன்னிலையில் இருந்தது. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டது. 1-1. அரையிறுதி போயிற்று. மாஸ்கோவிலும் போலந்தோடு சமன்தான், ஆனால் அங்கே மீட்டுக்கொள்ள இன்னும் மூன்று ஆட்டம் இருந்தது. சிட்னியில் அது இல்லை. 2006 உலகக் கோப்பைக்கும் அவர் பயிற்சியாளராகப் போனார். அதில் 11-ஆவது இடம். தங்கம் வாங்கினவர் தோல்வியின் பொறுப்பையும் ஏற்கத் தயாராக மறுபடி மறுபடி வந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பழைய பெருமையைப் பேசிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த 16 பேரிலிருந்து பின்னால் இரண்டு ஒலிம்பிக் கேப்டன்கள் வந்தார்கள்: 1984-இல் ஜாபர் இக்பால், 1988-இல் சோமய்யா. ஷாகித் 2016-இல் காலமானார். கௌசிக்கும் ரவீந்தர் பால் சிங்கும் 2021 மே 8-ஆம் தேதி, ஒரே நாளில், கொரோனாவுக்குப் பலியானார்கள். சரியாக மூன்று மாதம் முடிவதற்குள், ஆகஸ்ட் 5-இல், டோக்கியோவில் மன்பிரீத் சிங் தலைமையிலான அணி ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கியது. மாஸ்கோவுக்குப் பிறகு 41 ஆண்டு கழித்து வந்த முதல் பதக்கம். அதைப் பார்க்க அந்த இருவருக்கும் கொடுத்து வைக்கவில்லை. 2024 பாரிஸில் ஹர்மன்பிரீத் சிங் அணி ஸ்பெயினை 2-1 என்று வென்று மறுபடி வெண்கலம் வாங்கியது. அந்தப் பாரிஸில்தான் 1972-க்குப் பிறகு முதல் தடவையாக ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை வென்றோம், 3-2. மாண்ட்ரியலின் 6-1 தோல்வியை இதோடு சேர்த்துப் பார்த்தால் எத்தனை தூரம் திரும்பி வர வேண்டியிருந்தது என்பது புரியும்.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே, ஒரு சின்னத் தகவல். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. அடுத்த மாதமே மெல்பர்னில் இந்திய ஹாக்கி அணி பாகிஸ்தானை 1-0 என்று வென்று தொடர்ந்து ஆறாவது தங்கத்தை வாங்கியது. அந்த நாளில் ஹாக்கி என்றால் இந்தியா. இன்றைக்குக் கோவில்பட்டியில் செயற்கைத் தரை மைதானம் இருக்கிறது. அந்த மண்ணிலிருந்து மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி ஆகியோர் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து கோவில்பட்டி எட்டாத தூரம் இல்லை. நம் பாலிடெக்னிக்கிலும் மட்டை பிடிக்க நாலு பேர் வந்தால் ஒரு அணிக்கு அடி போட்டாகிவிடும். மழைக்காலத்தில் மைதானம் குளமாகிவிடுமே என்பீர்கள். வடிகால் அமைப்பது எப்படி என்று சிவில் துறை நண்பர்கள் ஒரு புராஜெக்ட் செய்யட்டுமே! படிப்புக்கும் ஆச்சு, விளையாட்டுக்கும் ஆச்சு.

இன்னொன்று, நம்மைப் போல வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவர்களுக்கு. நம்மில் பாதிப் பேர் இந்தப் பேச்சைக் கேட்டிருப்போம்: எடம் கெடந்தது, கெடச்சது, பீஸ் கம்மி, சேர்ந்தான், மார்க் போதாது, அதான் டிப்ளமோ. சொல்பவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. காலியாக இருந்த இடம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்றால் காலையில் ரப்பர் தோட்டத்து இருட்டில் எழுந்து, இரண்டு பஸ் மாறி வர வேண்டும். எஞ்சினியரிங் மேத்ஸ் தாளில் நமக்குப் பதிலாக வேறு யாரும் எழுத மாட்டார்கள். லேத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவினால், "அட்மிஷனுக்குப் போட்டி இல்லை" என்று அந்த இரும்பு நம்மை மன்னித்துவிடாது. சேர்ந்தது எப்படி என்று ஊர் பேசலாம். தேறினது எப்படி என்று வேலைதான் பேசும்.

எங்க அப்பாவுக்கு ஒலிம்பிக் பற்றி அவ்வளவாகத் தெரியாது. இந்தக் கதையைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஸ்பெயின்காரன் மூணு கோல் போட்டும் தோத்தானே, அவனும் கொள்ளாம்ல?" என்று கேட்டாங்க. உண்மைதான். ஹுவான் அமாத்தும் கெட்டிக்காரர்தான். வந்து ஆடினவர்களில் ஒருவர் அவர். அவரையும் தாண்டித்தான் பாஸ்கரன் அணி தங்கம் எடுத்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறு வேண்டுமா?

இறுதியாக ஒன்று. கேப்டன் என்றால் கோல் போடுபவன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். முன் தோல்வியை ஞாபகம் வைத்திருப்பவன், புதியவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பவன், 3-2 ஆகும்போது முகத்தை மாற்றாதவன், பிறகு தோற்றாலும் பொறுப்பேற்க வருபவன், அவனே கேப்டன். நாளைக்கு நம் வீட்டில் நம்மைப் பார்த்துப் படிக்க வரப்போகிற தம்பி தங்கைகளுக்கு நாமும் அப்படித்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. முதல் ஆள் என்பது தனியாக நிற்பது அல்ல, வரிசைக்கு முன்னால் நிற்பது.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை